பரட்டைத் தலையும் பாபிலோனும்

ரெகே பாட்டுக்களில் மதுரைக்காரர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டாத ஒரு சொல் உண்டு: கஞ்சா. ஆரப்பாளையத்திலிருந்து மாட்டுத்தாவணிக்கு ஓடும் ஷேர் ஆட்டோ ஒன்றின் பின்கண்ணாடியில் ஒரு பக்கம் சே குவேரா, நடுவில் ஓட்டுநரின் சாதித் தலைவர், இன்னொரு பக்கம் புகைக்கு நடுவே சிரிக்கும் பாப் மார்லி. இவரு யாருப்பா என்று கேட்டேன். 'பாட்டுக்காரருண்ணே. கஞ்சா சாமி' என்றார். சிரித்துவிட்டு இறங்கிவிட்டேன். விளக்குத்தூண் பக்கம் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பட்டை போட்ட பின்னல் தொப்பி கிடைக்கிறது, மார்லி முகம் அச்சடித்த டீ ஷர்ட் கிடைக்கிறது. கொடைக்கானல் போகிற பையன்கள் வாங்கிப் போகிறார்கள். திரும்பி வந்ததும் அது கைலிக்கு மேல் போடுகிற சட்டையாகிவிடுகிறது. இதில் எழுத என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

எங்கள் பகுதியில் பறையடிக்கிற பையன் ஒருவன். பெயர் வேண்டாம். ஒன்றரை வருஷமாக முடி வளர்த்து, மெழுகு தேய்த்து முறுக்கி, சடை சடையாகத் தோள்வரை விட்டிருந்தான். கஞ்சா வேட்டை என்று போலீஸ் இறங்கியிருந்த ஓர் இரவில் டீக்கடை வாசலில் நின்றவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவன் பையில் இருந்தவை ஒரு சுண்டுக்குச்சி, ஒரு அடிக்குச்சி, செல்போன் சார்ஜர். வழக்கொன்றும் இல்லை. விடிவதற்குள் விட்டுவிட்டார்கள், முடியை மட்டும் கத்தரித்துவிட்டு. வக்கீலோடு போய் நின்ற எனக்கு அவன் தலையைப் பார்த்ததும் முதலில் வந்தது கோபமில்லை. 'சரி, இனிமேலாச்சும் இவனைப் பிடிக்க மாட்டாங்க' என்கிற நிம்மதி. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் ஆறு மாதத்துக்கு முன்பு நானே அவனிடம், 'இந்தப் பரட்டையை வெட்டித் தொலைடா, அமைப்புக்குக் கெட்ட பேரு' என்று சொல்லியிருந்தேன். நான் வாயால் சொன்னதை அவர்கள் கத்தரிக்கோலால் செய்திருக்கிறார்கள். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது அவன் சொன்னான்: 'சாமிக்கு நேந்து வளக்குறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பாய்ங்கண்ணே. வாய் வரல.'

அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான் இந்தக் கட்டுரை.

மதுரைச் சமவெளியில் முடி ஒருபோதும் வெறும் முடியாக இருந்ததில்லை. பழனிக்கு நேர்ந்துவிட்ட பிள்ளையின் தலையில் கத்தரி படாது. சாமியாடிக்குச் சடை விழுந்தால் அதைத் தொட வீட்டார் பயப்படுவார்கள். சதுரகிரி மலையேறும் சாமியாரின் சடைக்குக் கீழே விழுந்து கும்பிடுகிறவர்களில் காக்கி உடையினரும் உண்டு. தெய்வத்துக்குச் சொந்தமான முடிக்கு அதிகாரம் வழிவிடுகிறது. தனக்குச் சொந்தமான முடி, அதுவும் காலனிப் பையன் தலையில் இருக்கும் முடி, உடனே சந்தேகத்துக்குரிய பொருளாகிவிடுகிறது. ஆக, கேள்வி முடியின் நீளத்தைப் பற்றியதல்ல. அந்த உடம்பின் மேல் யாருக்கு உரிமை என்பதைப் பற்றியது.

வேடிக்கை என்னவென்றால் அவன் வாயில் வராமல் போன வார்த்தையைத்தான் ராஸ்தஃபாரிகள் சொன்னார்கள். பழைய ஏற்பாட்டின் எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தில் நசரேய விரதம் என்று ஒன்று வருகிறது. விரதம் பூண்டவன் தலையில் சவரக்கத்தி படலாகாது. அடிமைகளின் வாரிசுகள், எசமானன் கையில் கொடுத்த அதே பைபிளைப் புரட்டி, எங்கள் சடை விரதச் சடை என்றார்கள். ஜமைக்காவின் கிறித்தவ அரசு அதை ஏற்றதா? 1963 ஏப்ரலில் கோரல் கார்டன்ஸ் சம்பவத்தை ஒட்டி ராஸ்தாக்களை வேட்டையாடிப் பிடித்துச் சிறையில் தள்ளினார்கள். சடைகளை வெட்டினார்கள். அதற்கு அரசு மன்னிப்புக் கேட்க 2017 வரை ஆனது. சடை வைத்த ஒரு சிறுமியைப் பள்ளியில் சேர்க்க மறுத்தது செல்லும் என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2020இல் தீர்ப்புச் சொன்னது. மேல்முறையீட்டில் அது மாற 2024 ஆனது. சடையைப் புனிதமாக அறிவித்த மக்களின் சொந்த நாட்டிலேயே நிலைமை இதுதான்.

கஞ்சா எப்படி அங்கே போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடிமைமுறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1845 மே 10ஆம் தேதி இந்தியக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் ஜமைக்காவில் கரை தட்டியது. (அதற்குப் பத்து நாள் கழித்து, மே 20இல், அயோத்திதாசர் பிறந்தார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் சேர்த்து நினைத்துப் பார்க்கப் பிடித்திருக்கிறது.) 1917 வரை சுமார் 36 ஆயிரம் பேர் போனார்கள், பெரும்பாலும் கல்கத்தா துறைமுகம் வழியாக. அவர்களோடு கஞ்சாவும் சிலும்பியும் அந்தச் சொல்லும் போயின. கரும்பு வெட்டிய கறுப்பரும் இந்தியரும் ஒரே நிழலில் உட்கார்ந்து புகைத்ததில் பழக்கம் கைமாறியது. ராஸ்தா இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவரான லெனார்ட் ஹோவெல் தனக்குக் கங்குன்குரு மராக் என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டார். அதில் இந்திய வாடை அடிக்கிறது. சடையும் சாதுக்களிடமிருந்து போனதுதான் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இல்லை, 1940களின் இறுதியில் கிங்ஸ்டன் சேரிகளின் இளைஞர்கள் ஊரை மிரட்டவே அதை வளர்த்தார்கள் என்று பாரி செவான்ஸ் போன்றோர் மறுக்கிறார்கள்.

இந்த இடத்தில் நம்மவர்களுக்கு ஒரு புல்லரிப்பு வரும். 'எல்லாம் நம்மகிட்ட இருந்து போனதுதான்.' அந்தப் புல்லரிப்பை நான் சந்தேகிக்கிறேன். போனது சிவபெருமானல்ல. பஞ்சத்துக்குப் பயந்து கப்பலேறிய கூலிகள் போனார்கள். அவர்களை ஊரில் வைத்துக் காப்பாற்றாத பாரதம், அவர்கள் கொண்டுபோன சருகுக்கு மட்டும் உரிமை கொண்டாடுவது அசிங்கம். செவான்ஸ் சொல்வதே எனக்கு உவப்பாக இருக்கிறது. 'டிரெட்' என்றால் அச்சம். பார்த்தால் பயமாக இருக்கிறது என்று வைதவர்களின் சொல்லை எடுத்துத் தலையில் சூடிக்கொண்டார்கள்.

இனி சட்டம். வெள்ளையன் அமைத்த இந்திய சணல் போதைப்பொருள் ஆணையம் 1893-94இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்துவிட்டு, மிதமான உபயோகத்தால் பெரிய தீங்கில்லை, தடை செய்தால் இதைவிட மோசமான போதைக்குத்தான் ஜனங்கள் போவார்கள் என்று எழுதியது. அவனுக்கு வரி வேண்டும், அதனால் எழுதினான் என்று தள்ளலாம். ஆனால் சுதந்திர இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் செய்ததைப் பாருங்கள். கஞ்சா என்றால் பூக்கும் காய்க்கும் நுனி மட்டுமே என்று அது வரையறுத்தது. நுனியோடு சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே. எனவே காசியில் அரசு உரிமம் பெற்ற கடையில் பாங்கு வாங்கலாம், பண்டிகைக்குக் குடிக்கலாம். ஒரே செடி. இலை பக்தி, பூ குற்றம். நம் ஊர்ப் பக்கம் சித்த வைத்தியத்தில் அதற்குச் சிவமூலி, கோரக்கர் மூலி என்றெல்லாம் பெயர். சதுரகிரியில் கோரக்கர் குகையே இருக்கிறது. ஆனால் ஒரு கிலோவுக்குக் கீழ் வைத்திருந்தாலும் ஓராண்டு வரை சிறை. 20 கிலோ தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு. போதாததற்கு 1982இன் குண்டர் சட்டத்தில் போதைப்பொருள் குற்றவாளி என்று ஓர் இனம், பிணையில்லாமல் ஓராண்டு உள்ளே வைக்க. 2022இல் தென்மாவட்டங்களில் கஞ்சா வழக்கில் சிக்கியவர்களின் சொத்துக்களோடு உறவினர்களின் வங்கிக் கணக்குகளையும் முடக்கினார்கள். 2003இலிருந்து தெருமுனைக் கடைகளில் சாராயத்தைத் தானே விற்கிற அதே அரசுதான் இதையும் செய்கிறது. ராஸ்தாக்கள் ரம்மைத் தொடமாட்டார்கள். அது தோட்ட முதலாளி அடிமைக்கு ஊற்றிக்கொடுத்தது, அறிவை மழுக்குவது, பாபிலோனின் பானம் என்பார்கள். அவர்கள் அகராதியில் பாபிலோன் என்பது போலீஸ், அரசு, தேவாலயம், கஜானா எல்லாம் சேர்ந்தது. டாஸ்மாக் வாசலில் நின்று யோசித்தால் அந்தச் சொல் சட்டென்று விளங்கும்.

அதற்காகக் கஞ்சாவே விடுதலை என்று எழுத நான் தயாரில்லை. அப்படி எழுதுகிற பின்நவீன நண்பர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் யாரும் இரவில் டீக்கடை வாசலில் பிடிபடுவதில்லை. பள்ளிக்கூடப் பையன்கள் கையில் பொட்டலம் புழங்குகிறது, வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள், தட்டிக்கேட்டவர்களை வெட்டுகிறார்கள். பொட்டலம் விற்கிற பெண்ணின் வீட்டில் சோறு அதில்தான் வேகிறது என்பதும் உண்மை, அதே தெருவில் மகனை இழந்த தாய் இருக்கிறாள் என்பதும் உண்மை. ராஸ்தாக்களின் புகைக்கு ஒரு கூடுகை இருந்தது. வட்டமாக உட்கார்ந்து வேதத்தை விவாதிப்பதற்கு முன்பு ஏற்றுகிற தூபம் அது. ஜமைக்கா 2015இல் சட்டத்தைத் திருத்தி இரண்டு அவுன்சு வரை கைது வேண்டாம் என்றபோது ராஸ்தாக்களின் வழிபாட்டு உரிமையையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டது. நம் பையன் கண்மாய்க் கரையில் தனியாக இழுக்கிற புகைக்கு அப்படி ஒரு வட்டம் இல்லை. அதைக் கொடுக்க நம்மிடமும் எதுவும் இருக்கவில்லை. துண்டறிக்கைதான் இருந்தது.

வால்டர் ரோட்னி நினைவுக்கு வருகிறார். கயானாக்காரர், வரலாற்றுப் பேராசிரியர். 1968இல் கிங்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய நேரம் போக மீதி நேரத்தில் சேரிகளுக்குள் போய், ராஸ்தாக்களோடு குப்பைமேட்டு ஓரத்தில் உட்கார்ந்து ஆப்பிரிக்க வரலாறு பேசினார். அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டதாகவும் எழுதினார். அந்த ஆண்டு அக்டோபரில் வெளிநாட்டுக் கூட்டமொன்றுக்குப் போய்த் திரும்பியவரை அரசு நாட்டுக்குள் விட மறுத்தது. நகரத்தில் கலவரம் வெடித்தது. சேரிக்குள் போய்த் தரையில் உட்கார்ந்த ஒரு வாத்தியாருக்கு அரசு அவ்வளவு பயந்தது. நாம் என்ன செய்தோம்? மைக் பிடித்துப் போதை ஒழிப்புப் பேசினோம். முடியை வெட்டச் சொன்னோம். மதுவிலக்கு என்கிற காந்தியச் சொத்தை இடதுசாரிகளும் பங்கு போட்டுக்கொண்டோம், கூடவே அதன் பார்வையையும்: கீழே இருப்பவனின் உடம்பு அழுக்கானது, அதைத் திருத்துவது நம் வேலை.

டிக் ஹெப்டிஜ் 1979இல் உபகலாச்சாரம் பற்றி எழுதியபோது, எதிர்ப்பு நடையுடை பாவனைகளை அதிகாரம் இரண்டு வழியில் விழுங்கும் என்றார். ஒன்று, அதைச் சரக்காக்கி விற்பது. இன்னொன்று, அதைக் கோமாளித்தனமாகவோ குற்றமாகவோ பெயரிடுவது. விளக்குத்தூணில் டீ ஷர்ட்டும் காவல் நிலையத்தில் கத்தரியும். ஹெப்டிஜ் மதுரைக்கு வந்ததில்லை. வந்திருந்தால் மூன்றாவது வழி ஒன்றையும் சேர்த்திருப்பார்: முற்போக்காளரின் அறிவுரை.

இப்போது பரட்டைக்கு வருகிறேன். தமிழில் இந்தச் சொல் வசவு. எண்ணெய் காணாத தலை, சீவாத தலை, அதாவது வேலைவெட்டியில்லாத தலை. 1977இல் வந்த 'பதினாறு வயதினிலே' படத்தில் அந்தப் பெயர் ரஜினிகாந்த் நடித்த ஊர் ரவுடிக்கு. அதே பெயரைத் தன் பெயராக எடுத்துக்கொண்ட ஒருவர் மதுரையில், அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் நடத்தினார். தியாபிலஸ் அப்பாவு. 1940இல் பிறந்து 2005இல் இறந்தவர். போதகர், இசையமைப்பாளர். தெரிந்தவர்களுக்குப் பரட்டை அண்ணன்.

அவர் செய்த காரியம் என்ன? தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து தமிழ்க் கிறித்தவர்கள் கர்நாடக ராகத்தில் கீர்த்தனை பாடி வந்தார்கள். வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஞானப்பாட்டு இன்னொரு பக்கம். இரண்டிலும் சேரிச் சபை ஜனம் வாயசைக்கலாமே தவிர, பாட்டைத் தனதாக்க முடியாது. தப்பாகப் பாடினால் தப்பு. அப்பாவு நாட்டுப்புற மெட்டையும் பறையையும் பேச்சுத் தமிழையும் கொண்டுவந்து வழிபாட்டையே அமைத்தார். நாட்டுப்புறப் பாட்டைப் பாடுகிறவர் மாற்றலாம், வரி சேர்க்கலாம், தன் ஊருக்குத் தோதாகத் திருப்பலாம். அதில் பாமரருக்கும் ஆசிரியர் உரிமை உண்டு என்பது அவர் வாதம். 1986இலேயே நாட்டுப்புறவியலை மாற்றத்துக்கான கருவியாகப் பார்த்து ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து தின்பதை இறையியலாகப் பேசினார். சாதி இருக்கிற நாட்டில் இதைவிடப் பெரிய வேத விளக்கம் எனக்குத் தெரியவில்லை. சோ ஷெரினியன் என்கிற அமெரிக்க இசை ஆய்வாளர் 2014இல் அவரைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். மதுரைக்காரர்கள் அவரைப் பற்றி எத்தனை பக்கம் எழுதியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கலாம்.

ராஸ்தாக்கள் கிங்ஸ்டனில் செய்ததும் இதைத்தான். எசமானனின் வேதத்தைக் கீழேயிருந்து வாசித்தார்கள். வசவைப் பெயராக்கினார்கள். இழிந்ததென்று சொல்லப்பட்ட முரசை வழிபாட்டின் நடுவில் வைத்தார்கள். கவுண்ட் ஆஸி போன்ற நையபிங்கி முரசுக்காரர்களிடமிருந்து அந்த அடி ஸ்டுடியோவுக்குள் போய் ரெகேயின் முதுகெலும்பானது. நம் பக்கத்தில் அய்யா வைகுண்டர் (1809-1851) தலைப்பாகை மறுக்கப்பட்ட ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு பதிக்குள் வரச் சொன்னார். கருவறையில் கண்ணாடி வைக்கப்பட்டது, கும்பிட வருகிறவன் தன்னையே பார்க்கும்படி. 'நான்', 'நீ' என்று பிரிக்காமல் 'நானும் நானும்' என்று ராஸ்தாக்கள் பேசுவதன் பொருள் எனக்கு ஜமைக்காப் புத்தகத்தில் விளங்கவில்லை, அந்தக் கண்ணாடியில் விளங்கியது. ஆக நமக்கு அந்நியமானது ராஸ்தா அல்ல. டீ ஷர்ட்டில் இருக்கும் மார்லிதான் அந்நியர், ஏனென்றால் அவரிடமிருந்து வேதத்தையும் வரலாற்றையும் உருவிவிட்டுப் புகையை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

அப்பாவுவிடமும் எனக்குக் குறை உண்டு. அவர் பாட்டு கல்லூரி வளாகத்தையும் கிராமச் சபைகளையும் தலித் ஆதார மையத்தின் கலைவிழாக்களையும் தாண்டி ஆட்டோவின் ஸ்பீக்கருக்கு வரவில்லை. ராஸ்தாக்கள் தேவாலயத்தைப் பாபிலோன் என்று சொல்லி வெளியேறினார்கள். அவர் உள்ளே இருந்து முட்டினார். உள்ளே முட்டினால் சுவர் அதிரும், தெருவுக்குக் கேட்காது. 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது அயோத்திதாசரின் சொல் முதன்முறையாக ஒலிபெருக்கியில் இளைஞர்களுக்குக் கேட்டது. அந்த மேடைக்கு முன்னோடியாக மதுரையில் ஒரு பரட்டை இருந்தார் என்று அங்கே துள்ளியவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் இது ஆண்கள் கூடிப் புகைவிட்ட கட்டுரையாகிவிடும். ராஸ்தா ஆண் சடையை விரித்துப் போட்டுக்கொண்டு நடப்பான், பெண் தலையை மூடிக்கொள்ள வேண்டும். மாதவிலக்கென்றால் ஒதுங்க வேண்டும். முரசு ஆண் கையில். கூடவே ஹெய்லி செலாசி என்கிற ஒரு சக்கரவர்த்தியைக் கடவுளாக்கிய பக்தி வேறு. 1974இல் அவருடைய சொந்த ஜனங்களே அவரை இறக்கிவிட்ட பிறகும் அது அசையவில்லை. கட்அவுட்டுக்குப் பாலூற்றும் நாம் அதைப் பார்த்துச் சிரிக்க முடியாது. ஆனால் பறை விஷயத்தில் ராஸ்தாக்களுக்கு நாம் ஒன்று சொல்லிக்கொடுக்கலாம். திண்டுக்கல்லில் 1990இலிருந்து சக்தி கலைக்குழுப் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி ஆடிக்கொண்டிருக்கிறார்கள். தீட்டு என்று பெண்ணையும் பறையையும் தனித்தனியாக ஒதுக்கியவர்களுக்கு முன்னால் இரண்டும் சேர்ந்து வந்து நின்றால் எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் அங்கே போகலாம்.

பறையை அடிப்பதா விடுவதா என்று 1990களில் நாம் தொண்டை வற்றப் பேசினோம். சாவுக்கு அடிப்பது அடிமைத்தொழில், கொளுத்துங்கள் என்றது ஒரு தரப்பு. அது நம் கலை, எடுத்து அடியுங்கள் என்றது இன்னொன்று. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்ச்சிதான். அதே அலங்காநல்லூர் வட்டாரத்தில் ஊர்ச் சாவுக்கு அடிக்க மறுத்தால் என்ன நடக்கும் என்பது தனிக் கேள்வி.

போன மாதம் பையனைப் பார்க்கப் போனேன். முடி காதுவரை வளர்ந்திருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தான். செல்போனில் ரெகே ஓடியது. அதில் 'ஒன் டிராப்' என்று ஓர் அடி உண்டு. தாளத்தின் முதல் அடியை முரசு வெறுமையாக விட்டுவிடும், கனம் மூன்றாவதில் விழும். கேட்கிறவன் உடம்பு விடுபட்ட இடத்தில் தானாக ஒரு முறை குனியும். அதைப் பறையில் கொண்டுவரப் பார்த்தான். திரும்பத் திரும்ப முதல் அடி தன்னால் விழுந்தது, கை பழகியது அப்படி. ஒருவழியாகப் பிடித்துவிட்டான். திண்ணையில் உட்கார்ந்திருந்த அவன் சித்தப்பா, நாற்பது வருஷம் சாவு வீடுகளில் அடித்தவர், கையைத் தூக்கி நிறுத்தினார்.

'மொத அடிய விட்டா பாடை தூக்குறவன் கால் தடுமாறுவான்டா.'

'இது சாவுக்கில்ல சித்தப்பா' என்று சொல்லிவிட்டு அவன் மறுபடி விட்ட இடத்திலிருந்து தொடங்கினான்.